ஒரே வாசலில் எல்லாத் திருட்டும்

அபூ தமீம் வீட்டு இரும்புக் கதவில் சாய்ந்து நின்று, கைபேசியை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருந்தார் அபூ ஸுஹைர். படியேறி வந்த இளைப்பு இன்னும் அடங்கவில்லை. அன்றைய தகவல் இது: முன்பின் தெரியாத ஒருவன் தள்ளுவண்டியில் தக்காளி விலை கேட்டான், வாங்கவில்லை, போகும்போது சிரித்தான். அனுப்பி முடித்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அம்மான் நகரத்தின் இந்த மலைச்சரிவுக்குப் போன வருடம் காவல் நிலையம் ஒரு செயலியைத் தந்தது. திருட்டையோ சந்தேகத்துக்குரிய ஆளையோ பார்த்தவர் எழுதி அனுப்பினால் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். போலீசும் பார்க்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புள்ளிகள் சேரச் சேர அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் சிவந்துகொண்டே போகும். நாங்கள் எல்லாரும் சில நாள் திறந்து பார்த்துவிட்டு மறந்துபோனோம். அபூ ஸுஹைருக்கு அது உத்தியோகமாகிவிட்டது. வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் வாசலில் நின்று எழுதிக்கொண்டு போவது அவருக்குக் கைவந்த வேலை.

ஒவ்வொரு தகவலுக்கும் 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று தானாகவே ஒரு பதில் வரும். அதைக் கறிக்கடையில் நிற்பவர்களிடம் காட்டுவார்.

"முப்பது வருஷம் மீட்டர் பார்த்தேன், ஒருத்தன் நன்றி சொல்லல. இவங்க சொல்றாங்க பாரு."

"அது எல்லாருக்கும் வர்றதுதான், அபூ ஸுஹைர்."

"உனக்கு வந்துச்சா?"

"நான் எதுவும் அனுப்பலியே."

"அப்ப வாய மூடு."

ஒரே ஒரு முறை நிஜமான அதிகாரி ஒருவர் கைப்பட எழுதியிருந்தார்: 'ஐயா, பூனைகளை இதில் பதிவு செய்ய வேண்டாம்.' அந்தப் பூனை இந்தத் தெருப் பூனையில்லை, முகமே வேறு என்று அவர் இன்றும் சாதிக்கிறார்.

அவர் வீடு படிக்கட்டின் நடுவே பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் எட்டாது. ரொட்டிக்கடையில் கேஸ் சிலிண்டர் காணாமல் போனாலும், பள்ளிவாசல் பக்கம் நிறுத்திய காரின் கண்ணாடியை எவனாவது கழற்றிக்கொண்டு போனாலும், மேலே ஏறி அபூ தமீம் வாசலுக்கு வந்துதான் அனுப்புவார். அபூ தமீம் திரைச்சீலை தைப்பவர், அதிர்ந்து பேசாதவர். வாசலில் நிற்கும் மனிதரை வெறும் வாயோடு அனுப்ப மனம் வராமல் உள்ளிருந்து தேநீர் கொடுத்தனுப்புவார்.

ஒருநாள் வரைபடத்தை ஆற அமரப் பார்த்த அபூ ஸுஹைர் திடுக்கிட்டார். சரிவிலேயே அதிகம் சிவந்திருந்தது அபூ தமீம் வீடு.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு" என்று மனைவி உம் ஸுஹைரிடம் சொன்னாராம். "சும்மா சும்மா தேநீர் தர்றான். எதுக்குத் தர்றான்?"

அதற்குப் பிறகு காலையிலும் மாலையிலும் அந்த வாசலிலேயே காவல் நின்றார். நின்ற இடத்திலிருந்தே இன்னும் அதிகமாக அனுப்பினார். வட்டம் மாதுளைச் சாறு நிறத்துக்கு வந்தது.

போன மாதம் அபூ தமீமின் மகள் ருபாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு இர்பிதில். அங்கே யாரோ வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா தொலைபேசியில் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "பொண்ணு தங்கம்தான். ஆனா வாசலே இப்படிச் செவந்து கெடக்கே! இது சரியாகட்டும், அப்புறம் வர்றோம்."

காவல் நிலையத்தில் கேட்டால், புள்ளியை அழிக்க வழியில்லை, அனுப்பியவர் இடத்தை வேண்டுமானால் மாற்றலாம் என்றார்கள். பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் போவதுபோல, இதற்கும் ஜாஹா என்னும் பெரியவர்கள் தூது ஒன்று கிளம்பியது. மருந்துக்கடை ஹாஜி திரார் தலைமையில், ரொட்டிக்கடைக்காரர், பள்ளிவாசல் நிர்வாகி என்று தெருப் பெரியவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு அபூ ஸுஹைர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே நாற்காலி போதவில்லை. அபூ தமீம் வீட்டிலிருந்தே இறக்கினார்கள்.

ஹாஜிக்குக் காப்பி ஊற்றப்பட்டது. அவர் கோப்பையை வாங்கித் தொடாமல் முன்னால் வைத்தார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார். குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு.

"அந்த வீட்டை விட்டுடுங்க, அபூ ஸுஹைர்."

"நான் என்ன செய்யறது ஹாஜி? வரைபடம் சொல்லுது."

நாற்காலியோடு வந்த ருபா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "மாமா, ரொட்டிக்கடை சிலிண்டரை எங்க நின்னு அனுப்புனீங்க?"

"உங்க கேட்டுலதான். அங்கதானே சிக்னல் வருது."

"பள்ளிவாசல் கண்ணாடி?"

"உங்க கேட்டுலதாம்மா."

"பூனை?"

"அதுவும்தான்."

"நீங்க நிக்கிற இடத்துலதான் மாமா புள்ளி விழும்."

அபூ ஸுஹைரின் முகம் தொங்கிப்போனது. "அப்ப உங்க வீட்டுல ஒண்ணுமே நடக்கலியா? இத்தனை நாள் காவல் காத்தேனே!"

இடத்தை மாற்றவும் சிக்னல் வேண்டும். ஜாஹா எழுந்து படியேறியது. காப்பியைக் கீழே விட்டுப் போனால் மறுத்ததாக ஆகிவிடும் என்று ஹாஜி கோப்பையைக் கையிலேயே ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏறினார்.

வாசலில் அபூ ஸுஹைர் சிலிண்டரை ரொட்டிக்கடைக்கு நகர்த்தப் போனார். கடைக்காரர் பாய்ந்து கையைப் பிடித்தார். "என் கடைமேலயா? அப்புறம் ரொட்டி எவன் வாங்குவான்?" கண்ணாடியைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனால், "அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ்வோட வீட்டுக்கா செவப்பு?" என்றார் நிர்வாகி. அடுத்தடுத்த புள்ளிக்கும் ஒவ்வொரு கோட்டு முன்னால் வந்து நின்றது. தக்காளி விலை கேட்டவனைக்கூட ஒருவர் தன் மச்சான் என்றார். ஹாஜி ஆறிய காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அபூ தமீம் மகள் பக்கத்தில் நின்றார்.

அபூ ஸுஹைர் ஒருமுறை ருபாவைப் பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாக இழுத்துத் தன் வீட்டின்மேல் வைத்தார்.

கீழே ஜன்னலிலிருந்து உம் ஸுஹைர் கத்தினாள்: "மனுஷா! அடுப்படிமேல வெக்காத, முன்ரூம்ல வெய்யி!"

ஹாஜி காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். அபூ தமீம் புதிய வரைபடத்தை இர்பிதுக்கு அனுப்ப, வியாழக்கிழமை வருகிறோம் என்று உடனே பதில் வந்தது. ருபா அபூ ஸுஹைரின் தோளில் முத்தமிட்டாள். அவர் கவனிக்கவில்லை. சிவந்துகொண்டிருந்த தன் வீட்டையே கைபேசியில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்களின் கார்கள் கீழே சாலையில் நின்றிருந்தன. இறங்கும் வழி அவர் வீட்டை ஒட்டித்தான் போகிறது. வீடு நெருங்கியதும் ஹாஜியின் கை தானாகக் கோட்டுக்குள் இருந்த பணப்பையைத் தொட்டுப் பார்த்தது. அபூ ஸுஹைர் அதைக் கண்டு திருப்தியோடு தலையாட்டினார். ஹாஜியின் முழங்கையைப் பிடித்து எதிர்ச்சுவர்ப் பக்கமாக நகர்த்தி, தன் வீட்டு ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்தபடி, வட்டத்தைத் தாண்டும்வரை கூடவே நடத்திக்கொண்டு போனார்.