பூஜை நாளில் வளைந்த ஃபோர்க்

போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கார் நிறுத்தும் இடம் முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் எங்கே கிடைத்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என் ஆறு வயது மகள் துருப்பிடித்த செயினைத் தொட்டுவிட்டாள். துருவைத் தொட்டால் ஊசி போட வேண்டுமா என்று போனில் தேட ஆரம்பித்துவிட்டேன். அவள் தன் அம்மாவைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

அண்ணன் தன் சின்ன வயது பிஎம்எக்ஸ் சைக்கிளைப் பிரித்து மறுபடி பூட்டிக்கொண்டிருந்தான். ஃபிரேமும் ஹேண்டில்பாரும் பழையவை. ரிம் இரண்டும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதோ ஒரு கடையின் மூலையில் கிடைத்தவையாம். ஹேண்டில்பாரின் குறுக்குக் கம்பியில் மாட்டும் மஞ்சள் பஞ்சுறைக்காக மூன்று மாதம் அலைந்திருக்கிறான்.

"பாரு, அதே மஞ்சள்!"

"நல்லாருக்குண்ணா" என்றேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. ஆனாலும் வயிறு எரிந்தது.

உங்களுக்கும் ஓர் அண்ணன் இருந்தால் சட்டென்று புரிந்திருக்கும். அவன் முதல் ரேங்க் எடுத்ததற்கு அப்பா வாங்கித் தந்த சைக்கிள் அது. அந்த வருடம் நானும் முதல் ரேங்க்தான். எனக்குக் காந்த மூடி வைத்த பென்சில் பாக்ஸ். (நல்ல பாக்ஸ்தான். இரண்டு வருடம் உழைத்தது.)

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் குடியிருந்தோம். சைக்கிளைத் துடைப்பதும் காற்றடித்து வருவதும் என் வேலை.

"உருட்டிட்டுத்தான் போகணும். ஏறினே, அவ்ளோதான்!"

"சரிண்ணா."

தெரு முனை திரும்பியதும் ஏறிவிடுவேன். அப்படியே ஓட்டவும் கற்றுக்கொண்டேன். ஆனால் ஆசை தீர ஒரு முழு சுற்று வர வேண்டுமென்றால் அண்ணன் சைக்கிளைத் தேடாத ஒரு நாள் வேண்டும். யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்த நாள் ஆயுத பூஜை!

அன்று சைக்கிளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு எதிரே நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அண்ணனும் தொடமாட்டான். எல்லோரும் வடை பாயசம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் நான் தொட்டேன்.

வீதி நெடுக ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் மாலை போட்டுக்கொண்டு ஓய்வில் நின்றன. நான் மட்டும் பறந்துகொண்டிருந்தேன். பெருமையில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிய நேரம், ஒரு வீட்டு வாசல் கல்லில் முன்சக்கரம் மோதியது. விழுந்து எழுந்து பார்த்தால் உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று அழுதேன். ஹேண்டில்பார் குங்குமம். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இடது கால் மட்டும் உள்ளே வளைந்திருந்தது.

உருட்டி வந்து, புதிதாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, இருந்த இடத்திலேயே நிறுத்தினேன்.

மறுநாள் பூஜை முடிந்து அண்ணன் ஏறினான். நாலு வீடு தாண்டுவதற்குள் சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்க, விழுந்தான்.

"சூடம்கூட இன்னும் ஆறல, அதுக்குள்ள ஒடச்சுட்டு வந்து நிக்கிறியேடா!" என்று அப்பா கத்தினார். சைக்கிள் பரணுக்குப் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். கொஞ்சம் சந்தோஷமும்.

அண்ணன் இப்போது ஸ்பேனரைச் சுழற்றியபடி தன் மகனுக்கும் என் மகளுக்கும் கதை சொன்னான்: "மூணு படியிலேர்ந்து ஒரே ஜம்ப்! அப்பத்தான் ஃபோர்க் வளைஞ்சுது." என் கல்யாணத்தின்போது அது ஒரு படியாக இருந்தது. என் மகள் வாய் பிளந்து அவனையே பார்த்தாள். என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை. சைக்கிள்தான் அவனுடையது, நான் விழுந்ததுமா?

"அத வளைச்சது நாந்தாண்ணா."

"நீயா? உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!"

"நீங்க ஸ்கூட்டியவே ரெண்டு காலையும் தரையில தேச்சுக்கிட்டுத்தான ஓட்டுவீங்க" என்றார் அண்ணி. எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்தேன்.

"நெஜமாம்மா?" என்றாள் மகள். அவள் சிரிக்கவில்லை.

"படியிலேர்ந்து குதிச்சா ஃபோர்க்கோட ரெண்டு காலும்ல வளையணும்? இடது கால் மட்டுந்தான் வளைஞ்சிருக்கும். அந்த ஃபோர்க்க எடுங்கண்ணா, காட்டுறேன்."

"அத சைக்கிளப் பிரிச்ச அன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டாச்சும்மா. புதுசு பாரு, எவ்ளோ நேரா இருக்கு!"

நேராகத்தான் இருந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வீதியில் பறந்ததற்கு இருந்த ஒரே சாட்சி, பழைய செய்தித்தாள்களோடு எடைக்குப் போய்விட்டது.