கோமதிநாயகமும் திரும்பிப்போன உரக்கப்பலும்

கோமதிநாயகம் அண்ணாச்சி போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில், தூத்துக்குடி பஸ்ஸில் ஏறக் கால் வைத்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். மாரடைப்பு. கப்பல் வேலை இருந்ததால் அன்று நான் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தேன். கொழும்புக்கு ஒரு ஃபேக்ஸ் போகாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். போனை வைத்துவிட்டு அதே தாளை மறுபடி இயந்திரத்தில் நுழைத்தேன். அப்போதும் போகவில்லை. கசக்கி எறிந்துவிட்டு எழுந்தவன், இன்றோடு பதினோரு நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன்.

அவர் வேலை கடலை அளப்பது. கப்பல் வந்து நிற்கும் தளத்தில் எத்தனை மீட்டர் ஆழம் இருக்கிறது என்று அளந்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் கப்பல் உள்ளே வரும். நான் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் இருக்கிறவன். எப்படியாவது கப்பலை உள்ளே கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. ஏழு வருடம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். வல்லநாடு தாண்டுவதற்குள் அவர் நாட்டையே ஒரு சுற்று ஏசி முடித்துவிடுவார். "எல்லாருக்கும் பெரிய கப்பல் வேணும். கொழும்புல நிக்கிறது எல்லாம் இங்கன வந்து நிக்கணும். ஆனா அளக்கப் போற படகுக்கு டீசல் கேட்டா அடுத்த வாரம் வான்னு சொல்லுதாவ!" என்பார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆழம் பார்க்கும் மின்கருவி ஒரு முறை பழுதாகி, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உதிரிப்பாகம் மாதக்கணக்கில் வரவில்லை. மனிதர் சாமான் போட்டுவைக்கும் கிட்டங்கியில் கிடந்த பழைய ஈயக்குண்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு படகேறிவிட்டார். குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் கிரீஸை அப்பிக் கடலுக்குள் இறக்குவார். அடியில் சகதி இருந்தால் சகதி ஒட்டிக்கொண்டு வரும், மணல் இருந்தால் மணல். ஆபீஸில் கேலி செய்தார்கள். "சிரிக்கட்டும் வே. மெசினு ஆழத்த மட்டுந்தான் சொல்லும். இது கீழ என்ன கெடக்குன்னும் சொல்லும்லா" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் உரக்கப்பல் வந்தது. அந்த வருடம் மழை இல்லை. ராதாபுரம் பக்கமிருந்து வயல்வேலை இல்லாமல் வந்த ஆட்கள் மூட்டை தூக்க மூன்று நாளாகத் துறைமுக வாசலில் சோற்றுப் பொட்டலத்தோடு காத்துக் கிடந்தார்கள். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. எனக்கோ மேலிடத்திலிருந்து மணிக்கொரு போன். நேரே அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, போன மாசத்து அளவையே போட்டுக் குடுங்க. ஒரு மாசத்துல கடல் மண்ணு மூடித் தூந்தா போயிரும்?"

"வல்லநாட்டுப் பாலத்துல தெனமும் ஆத்தப் பாக்கீரு. போன மாசத் தண்ணியா இப்ப ஓடுது? இப்படிக் கையெழுத்துக் கேக்கீரே, வெக்கமா இல்ல?"

காற்று பேயாக அடித்த அன்றே படகில் போய் அளந்தார். தொப்பலாக நனைந்து வந்து குண்டைக் கவிழ்த்துக் காட்டினார். சகதியும் இல்லை, மணலும் இல்லை. கிரீஸில் ஆழமாக ஒரு கீறல்.

"சகதின்னா நெளிஞ்சு குடுக்கும். இது கல்லு வே. எங்கன இருந்து உருண்டுச்சோ தெரியல. கப்பலோட வயித்தக் கிழிச்சிரும்."

"ஒரு கீறலுக்காகவா அண்ணாச்சி?"

"ஒரு கீறலுக்காகத்தான்."

கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வாசலில் சுமைதூக்குவோர் மேஸ்திரி கொம்பையா என்னை மறித்து, "ஏன் சார் கப்பல் வரல?" என்று கேட்டார். "கோமதிநாயகத்தப் போய்க் கேளுங்க. கிரீஸுல கோடு விழுந்துட்டுன்னு கப்பல விரட்டிட்டாரு" என்றேன். சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஆட்கள் அண்ணாச்சியைச் சூழ்ந்துகொண்டு, தூக்குச்சட்டியைப் பிடுங்கி ரோட்டில் எறிந்திருக்கிறார்கள்.

மறுநாள் பஸ்ஸில் கேட்டார்: "நீரா வே அவங்ககிட்டச் சொன்னீரு?"

"நான் ஏன் அண்ணாச்சி சொல்லப்போறேன்?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி வே, உக்காரும்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் முக்குளிப்பவர்களை இறக்கிப் பார்த்தபோது, கப்பல் வந்து நிற்க வேண்டிய இடத்திலேயே மாட்டுவண்டி அகலத்துக்கு ஒரு கல் கிடந்தது. அந்த அறிக்கையின் நகல் என் மேசைக்கு வந்தது. கொம்பையாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பஸ்ஸில் நான் சொன்ன பொய்யும் கூடவே வெளியே வரும் என்ற பயம். 'கப்பல விரட்டுனவரு' என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. டீக்கடையில் அவர் காது படவே சொல்வார்கள். மனசு கேட்காமல் ஒரு நாள், "கல்லு இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிருங்களேன் அண்ணாச்சி" என்றேன். "எனக்கு நானே சாட்சியா? தெரிஞ்சவன் சொல்லணும் வே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புரியாதவன் மாதிரி இருந்துவிட்டேன். என்ன ஜென்மம் நான்!

அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது கொம்பையாவும் வந்திருந்தார். "கப்பல விரட்டுனாலும் தங்கமான மனுசன் சார். அன்னைக்குச் சட்டியப் பிடுங்கும்போது, யாரு சொன்னான்னு கேட்டாரு. ஒங்க பேரச் சொன்னோம். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல" என்றார். அப்படியானால் பஸ்ஸில் கேட்டபோதே அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் இடம் கொடுத்தார். அங்கேயும் கொம்பையாவிடம் நான் கல்லைப் பற்றிச் சொல்லவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணாச்சி நினைவாக என்னிடம் இருப்பது கல் கிடந்ததைச் சொல்லும் அந்த அறிக்கை ஒன்றுதான். கொம்பையா, நாளைக் காலை ஆட்களையெல்லாம் துறைமுக வாசலுக்கு வரச் சொல்லுங்கள். நானே நின்று படித்துக் காட்டுகிறேன். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் ஏசிக்கொள்ளுங்கள்.