பேராசிரியரின் முகம்

இத்தாலியில், பலெர்மோ நகரில் படித்த முதல் வருடம் முழுவதும் ஜூலை மாதத்தை எண்ணிக்கொண்டே இருந்தேன். அங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தை, எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லும் பெர்மெசோவை, ஜூலையில் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் ஒரு பரீட்சையாவது சித்தியடையாத மாணவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு ஊர் யாழ்ப்பாணம். தொண்ணூறுகளின் நடுவில் என் வயதுப் பெடியன் அங்கே திரும்பிப் போவது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

ஊரில் இருந்த அப்பா கைநாட்டு. அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றவள். கபோ சந்தைக்கு மேலே ஒற்றை அறையில் என்னையும் வைத்துக்கொண்டு, வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு சீமாட்டியின், வீட்டில் வேலை செய்தாள்.

பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பரீட்சை வாய்மொழியாக நடக்கும். பேராசிரியருக்கு முன்னால் ஒரு கதிரை. பின்னால் மற்ற மாணவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். பெப்ரவரியில் என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் வாத்தியாருக்கு முன்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டி, தலை குனிந்து நின்றேன். பேராசிரியர் உட்காரச் சொன்னார். மரியாதைக்காக நின்றேன். நிலத்தைப் பார்த்தபடி, புத்தகத்தில் இருந்ததை வரி தவறாமல் ஒப்புவித்தேன். பாதியில் அவர் பேனாவை வைத்தார்.

"கையைக் கட்டிக்கொண்டு, முகத்தையும் திருப்பிக்கொண்டு! என்னோடு பேச உனக்கு அவ்வளவு அலுப்பா? ஜூனில் வா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு எல்லா விடையும் தெரிந்திருந்தது.

அன்று பின்னேரம் அக்கா உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னதும் சூடான மினுக்குப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஐயோ, உனக்குமோ? என்ர சிஞ்ஞோரா முதல் மாசம் என்னைக் கள்ளி எண்டெல்லோ நினைச்சவ. ஒரு வெள்ளிக் கரண்டியைக் காணேல்லை. கேக்கேக்கை நான் குனிஞ்சு கொண்டு நிண்டன். பிறகு அது மேசை விரிப்புக்குள்ளை கிடந்தது. இஞ்சை குனிஞ்சு நிண்டா மரியாதை இல்லையடா, களவு."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீ படிச்சவன். தெரியும் எண்டு நினைச்சன்."

அன்றிலிருந்து அவள் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேராசிரியரானாள். நான் அவளுக்கு வெப்ப விதிகளை விளக்கினேன்.

"சுவரைப் பாக்காதை. என்னைப் பார்."

"உன்னைப் பாத்தாச் சிரிப்பு வருது."

"அந்தாளைப் பாத்தா அழுகை வரும். இப்பவே சிரிச்சு முடி."

ஜூன் மாதப் பரீட்சையன்று, கூப்பிடும் முன்பே என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. போனேன். உட்கார்ந்தேன். கைகள் தாமாகக் கட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்தேன். விரும்பிய பகுதியிலிருந்து தொடங்கச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து வெப்பத்தைப் பற்றிப் பேசினேன். பெரியவர் ஒருவரை நேருக்கு நேர் ஏசுவதுபோல இருந்தது. இப்போது அடிக்கப் போகிறார் என்று ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் தோன்றியது. ஒருமுறை என் வலது கை மெல்ல வெளியே வந்து இடது முழங்கையைத் தேடியது. திரும்ப உள்ளே தள்ளினேன்.

"இருபத்தொன்று. சம்மதமா?" என்றார். முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தால் சித்தி. புள்ளி பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு இன்னொரு முறை வருவது அவர்கள் வழக்கம். அவர் கேட்டு முடிக்கும் முன்பே சம்மதம் என்று கத்திவிட்டேன். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.

அக்கா கதவைத் திறந்தவுடன் புள்ளியைக் கேட்கவில்லை.

"முகத்தைப் பாத்தனியோ?"

"ஓம். இடது கண்ணுக்குக் கீழை ஒரு மரு இருக்கு."

"ஒரு வருசமாப் படிப்பிக்கிற மனுசன். இண்டைக்கோ கண்டனி?" என்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

ஜூலையில் பெர்மெசோவை நீட்டித்துத் தந்தார்கள். அடுத்த வருடத்துக்கு இரண்டு பாடம் வேண்டும் என்றார் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அலுவலர். அவர் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.