கப்பலுக்குள் மட்டும் செல்லுபடியாகும் காசு

பயணச்சீட்டு விற்கிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. எனக்கு அது கிடையாது. இருந்தும் மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு போன், ஒரு காற்றாடியோடு காலம் தள்ளினேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவர்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

யுத்தம் நின்று சமாதானப் பேச்சு நடந்த காலம். அதுவரை மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் டிக்கட் போட்டேன். இப்போது ஆட்களுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து உல்லாசக் கப்பல், பினாங்கு பார்த்துத் திரும்புவது. முன்கூட்டியே பதிந்தால் கப்பல் கம்பெனி ஒவ்வொரு அறையின் பேரிலும் கொஞ்சம் டொலர் போட்டு வைக்கும். பெரிய அறைக்குக் கூட, சின்ன அறைக்குக் குறைய. ஏறும்போது தருகிற அட்டையில் அது இருக்கும். சலவை, கடை, கரையில் சுற்றிப் பார்ப்பது, எதற்கும் அட்டையை நீட்டலாம். கையில் காசாக வராது. இறங்கும்போது மிச்சம் இருந்தால் அது கம்பெனிக்கே. விஷயம் அவ்வளவுதான். இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

சும்மா தருவானா?

முதலில் வந்தவர் இரும்புக் கடை ஹாஜியார். கப்பல்காரன் எதற்காக டொலர் தருகிறான் என்று கேட்டார். சீக்கிரம் பதிகிறதற்கு என்றேன். அப்படியானால் டிக்கட் விலையில் கழிக்கச் சொன்னார். முடியாது என்றேன். கையில் தரச் சொன்னார். அதுவும் முடியாது. பிறகு குரலைத் தாழ்த்தி, இதில் எங்காவது வட்டி ஒளிந்திருக்கிறதா என்று கேட்டார். வட்டி என்றால் தமக்கு ஹராம், கப்பலே வேண்டாம் என்றார். வட்டியும் இல்லை, கடனும் இல்லை, அன்பளிப்பு என்றேன். ஹாஜியார் பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

“சும்மா குடுக்கிறவன்கிட்ட நான் இதுவரைக்கும் ஒரு ஆணி கூட வாங்கினதில்ல, மாணிக்கம். சரி, ரெண்டு டிக்கட் போடு. பெரிய அறையா பாரு.”

மாஸ்டரின் ஒரே கேள்வி

உக்குவளை சண்முகம் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துப் பென்ஷன் எடுத்தவர். மனைவி ராஜேஸ்வரியோடு வந்தார். ஒரே கேள்விதான் கேட்டார். கப்பலில் படம் எடுக்கிறவன் இருப்பானா? இருப்பான், நாற்காலி போட்டு, பின்னால் திரை கட்டி, ஸ்டூடியோ மாதிரியே எடுப்பான், விலைதான் யானை விலை என்றேன். ஆனால் அந்த அன்பளிப்பு டொலரிலேயே வாங்கலாம் என்றேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் அவர்கள் வீடு எரிந்தது. கல்யாணப் படமும் அதோடு போனது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் எடுத்த படமெல்லாம் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும், தனித்தனியாக. சேர்ந்து எடுத்தது ஒன்றுமில்லை. டவுனில் ஸ்டூடியோ இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இந்த ஊரில் இனிச் சோடியாகப் படத்துக்கு நிற்க மாட்டேன் என்று அந்த அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாராம். இப்போது அவரே என் பக்கம் திரும்பினார்.

“கடல்ல வந்து யாரும் கொளுத்த மாட்டாங்கதானே, அண்ணே? அங்கன்னா நிக்கிறேன்.”

கொழும்பு ஆள்

அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. லிப்டுக்குப் பக்கத்தில் அறை மாற்றித் தரும்படி கப்பல் கம்பெனியின் கொழும்பு முகவரிடம் சொன்னேன். மாற்றினார். மாற்றியதால் அது புதுப் பதிவாகிவிட்டது, சலுகை முடிந்துவிட்டது, மாஸ்டர் அறைக்கு டொலர் கிடையாது என்று போனில் சாவகாசமாகச் சொன்னார். ஹாஜியாருக்கு உண்டு, பல்லேபொல மிளகு வியாபாரி சோமபாலவுக்கு உண்டு. மாஸ்டருக்கு மட்டும் இல்லை.

போனில் கத்திப் பிரயோசனமில்லை. மறுநாள் விடிய முதல் பஸ் எடுத்தேன். அவருடைய ஒப்பீஸில் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். அறையைத்தான் மாற்றச் சொன்னேன், பதிவை அல்ல என்று ஒரு தடவை சொன்னேன். பிறகு பேசவில்லை. தேத்தண்ணி வந்தது, குடித்தேன். வந்த வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டே பேசினார்கள், நாற்காலி என்னிடம் இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன் அவர் சிங்கப்பூருக்குப் போன் போட்டார். டொலர் திரும்பி வந்தது.

“அங்கிள், டொலர் வாங்கிக் குடுக்கிறது லேசு. உங்களை எழுப்புறதுதான் கஷ்டம்.”

சீட்டுப் பிடிக்கிற சனம்

கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு நானும் கப்பல் ஏறினேன். அங்கேதான் உண்மையான வேதனை. ஒருவரும் அட்டையைத் தொடவில்லை. ஹாஜியார் குளியலறையில் கொடி கட்டி, தானே துவைத்த சாரத்தைக் காயப்போட்டார். சோமபால வீட்டிலிருந்து கொண்டுவந்த தேயிலையைச் சாப்பாட்டு மண்டபத்துச் சுடுதண்ணியில் போட்டுக் குடித்தார். பினாங்கில் வண்டிக்கு அட்டையை நீட்டுங்கள் என்றேன். வெயிலில் நடந்தார்கள். மிச்சம் பிடித்தால் கடைசி நாள் மொத்தமாகக் கையில் வரும் என்று நம்பிக்கை. இது மாதா மாதம் கட்டி எடுக்கிற சீட்டு இல்லை, இறங்கினால் செத்த காசு என்று தொண்டை கிழியக் கத்தினேன். சோமபால எனக்கு ஆறுதல் சொன்னார்.

“கோவப்படாதீங்க, மாணிக்கம் மாத்தயா. சீட்டுல கடைசியா எடுக்கிறவனுக்குத்தானே லாபம்.”

கடைசிப் பின்னேரம்

மாஸ்டர் சோடியின் படம் அருமையாக வந்திருந்தது. அந்த அம்மா அரக்குச் சேலையில் நாற்காலியில். மாஸ்டர் பக்கத்தில், கோட் போட்டு, தோளில் கை வைத்து. கப்பல்காரர்கள் பெரிதாகப் பிரதி எடுத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மாஸ்டர் அட்டையை நீட்டினார். கவுண்டர் பெண் பார்த்துவிட்டு, போதாது என்றாள். குறைகிறதைக் கட்ட மாஸ்டரிடமும் என்னிடமும் அவ்வளவு டொலர் இல்லை.

அறை துடைக்கிறவர், பரிமாறுகிறவர், எல்லாருக்குமான சேவைக் கட்டணத்தைத் தினமும் அந்த டொலரிலிருந்தே கழித்திருக்கிறார்கள். கொழும்பு ஆள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லா அறைக்கும் வெட்டுத்தான், ஆனால் மாஸ்டரின் சின்ன அறைக்குக் கொடுத்ததே கொஞ்சம். விற்காத படங்களை என்ன செய்வீர்கள் என்று மாஸ்டர் கேட்டார். அழித்துவிடுவோம் என்றாள். அந்த அம்மா படத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

நான் போய் மற்றவர்களைக் கூட்டிவந்தேன். ஹாஜியார் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் மிச்சக் காசைப் பற்றிக் கேட்டார். நாளைக் காலையோடு சரி என்றாள். நான் கத்தியதை நம்பாதவர் அவள் சொன்னதை நம்பினார். ஒரு அறையின் டொலரை இன்னொரு அறைக்கு மாற்ற முடியாது. ஆனால் ஹாஜியார் தம் அட்டையில் மாஸ்டரின் படத்தை வாங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பெரிய படத்தை வாங்கினார். சோமபால அதற்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கினார், பிறகு மிச்சம் தீரும்வரை அதே படத்தில் பிரதிகள் போடச் சொன்னார். வழியெல்லாம் அவர்கள் பிடித்த மிச்சம் முழுக்க அந்தக் கவுண்டரில் இறங்கியது. மாஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். ஹாஜியார் உதறினார்.

“விடுங்க மாஸ்டர். இது என் காசா? கப்பல்காரன்ட காசு. அவனுக்கு ஏன் திருப்பிக் குடுக்கணும்?”

சுவர்கள்

ஊருக்கு வந்த அடுத்த வாரம் மாஸ்டரின் மனைவி என் கடைக்கு வந்தார், கையில் அந்தப் படத்தின் ஒரு பிரதியோடு. பெரியது உக்குவளையில் முன் அறையில் மாட்டியாயிற்று. ஒன்று இரும்புக் கடையில் ஹாஜியாரின் மேசைக்கு மேலே. ஒன்று பல்லேபொலையில் சோமபால வீட்டில். இது எனக்காம். நானே ஆணி அடித்தேன். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். உங்கள் படம் ஊரெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

“ஒரு வீடு போனாலும் மத்த இடங்கள்ல இருக்கும்தானே, அண்ணே.”

காசாகக் கையில் வராத டொலரில்தான் என் தொழிலிலேயே பெரிய வெற்றி கிடைத்தது, ஆனால் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சுவரில் இருக்கும் மாஸ்டர் சோடியைப் பார்த்துவிட்டு என் சம்பந்தி வீட்டார் சுகமா என்றுதான் கேட்கிறார்கள்.