உப்புக்குத் தப்பிய அயிரைகள்

என் கணவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில், மதுரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா, அதாவது என் மதினி, ஒரு தூக்குவாளி நிறைய அயிரை மீன் கொண்டுவந்தார். அத்தனையும் உயிர் மீன். பஸ்ஸில் வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். சேலையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

என் கணவர் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேனாக இருந்தவர். மருந்துக் கலவை அறையில் நடந்த விபத்தில் இரண்டு கைகளும் கழுத்தும் முகத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின. அந்த அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கேயே இறந்துவிட்டார். என் கணவர் வார்டில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்து வந்தார். வந்தவர் பேசவில்லை. சோறு வேண்டுமா என்றால் தலையசைப்பார், அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "எப்படி நடந்துச்சு?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான்தான் காப்பி கொடுத்து அனுப்பிவைப்பேன்.

மதினி வாளியோடு அவர் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏலே தம்பி, பாருலே, எப்படித் துள்ளுதுன்னு. இதக் கொளம்பு வச்சு ரெண்டு வேள சாப்பிட்டேன்னு வையி, ஒடம்பு தன்னால தேறிரும்."

என் கணவர் எட்டிப் பார்த்தார். விரல் நீள மீன்கள். மணல் நிறத்து உடம்பில் கறுப்புப் புள்ளிகள், வாயைச் சுற்றிச் சின்ன மீசைகள். ஒன்றின் மேல் ஒன்றாக வழுக்கிக்கொண்டு கிடந்தன.

அயிரையைச் சுத்தம் செய்கிற விதம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். உயிரோடு சட்டியில் போட்டு, கல் உப்பை அள்ளித் தூவி மூடிவிடுவார்கள். உள்ளே கொஞ்ச நேரம் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அது அடங்கியதும் திறந்து, கொழகொழப்புப் போகச் சட்டியில் வைத்து உரசிக் கழுவுவார்கள். நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். செய்யும்போது எதுவும் தோன்றியதில்லை.

மதினி மீன்களைச் சட்டிக்கு மாற்றிவிட்டு, ஒரு கை நிறைய உப்பை அள்ளினார்.

"உப்புப் போடாத."

குரல் எங்கிருந்து வந்தது என்று எங்கள் இருவருக்குமே முதலில் புரியவில்லை. அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா?" என்றார் மதினி.

"போடாத அக்கா. எரியும்."

வார்டில் தினமும் காலையில் கட்டுகளை அவிழ்த்துப் புண்ணைக் கழுவுவார்கள். அந்த நேரத்தில் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். மற்ற படுக்கைகளிலிருந்து கதறல் கேட்கும். இவர் துண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பாராம், ஒரு சத்தமும் வராதாம். அங்கே வேலை செய்த நர்ஸ் ஒருத்தி என்னிடம் சொன்னது. அது எப்படி இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கத் துணியவில்லை. அன்றைக்குத்தான் அந்த ஒரு வார்த்தையில் சொன்னார்.

மதினி கையிலிருந்த உப்பைத் திரும்ப ஜாடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதார். அன்று முட்டைக் குழம்புதான் வைத்தோம்.

மீன்களை என்ன செய்வது? பக்கத்தில் எந்தக் கண்மாயிலும் தண்ணீர் இல்லை. நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் உடன் வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுப் பரணில் ஒரு கண்ணாடித் தொட்டி சும்மா கிடந்தது. அதை வாங்கி வந்து என் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை மேல் வைத்தேன். வளர்ப்பு மீன் கடைக்குப் போய் நீலக் கல்லும், காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டாரும், சிவப்பு உருண்டைத் தீனியும் வாங்கினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் குழாய்த் தண்ணீரை டிரம்மில் திறந்து வைத்து, பிளீச்சிங் வாடை போன பிறகு ஊற்றினேன்.

முதல் சில நாட்கள் மோசமாகப் போயின. தீனி மேலேயே மிதந்தது. தங்க மீனுக்கு அது சரி, வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அயிரை வராது. கற்களுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தன. ஊறிப்போன தீனியால் தண்ணீர் கலங்கி நாற்றமடித்தது. காலையில் ஒன்றிரண்டு வெள்ளையாக மிதக்கும். ஒன்று தொட்டியிலிருந்து துள்ளி வெளியே விழுந்து, பீரோவுக்குப் பின்னால் குச்சி மாதிரிக் காய்ந்து கிடந்தது. அதன்பிறகுதான் மேலே வலை கட்டினேன்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அயிரையத் தொட்டியில யாரு வளப்பா டீச்சர்? கொளம்புக்குல்ல வாங்குவாக."

பிறகு உள்ளே ஒரு தொட்டியைக் காட்டினார். ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன்கள் அடியில் சாய்ந்து கிடந்தன. "இது லோச்சு. அயிரைக்கு வெளியூர்ச் சொந்தம்னு வையிங்களேன். இதுவும் தரையிலதான் திங்கும். இதுக்குப் போடுற தீனி அடியில போயித் தங்கும். அதக் கொண்டு போயிப் போட்டுப் பாருங்க."

அந்தத் தீனி அடியில் தங்கியது. ஆனால் கல் இடுக்குகளில் விழுந்துவிட்டது, மீன்களால் எடுக்க முடியவில்லை. அதைக் கண்டது என் கணவர்தான். பகல் முழுக்கப் படுத்தபடி தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் சொன்னார்.

"கல்லு வேண்டாம். மீசை தேஞ்சு போகுது பாரு. மணல் வேணும்."

பார்த்தேன். மீசைகள் உண்மையிலேயே குட்டையாகியிருந்தன. வீடு கட்ட இப்போது விற்கிற கல்மணல் கூர்மையானது, அதுவும் ஆகாது என்றார். பழைய ஆற்று மணல் கொஞ்சம் பக்கத்து வீட்டுக் கொல்லையில் கிடந்தது. மாவுச் சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும் வரை அலசிப் போட்டேன். அன்று சாயங்காலமே அயிரைகள் வேறு மீன்களாகிவிட்டன. மணலை வாய் நிறைய அள்ளும், செவுள் வழியாகப் புகை மாதிரி விடும், நகர்ந்து இன்னொரு வாய் அள்ளும். உடம்பை மணலுக்குள் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும்.

தீனி போடுவதை அவர் எடுத்துக்கொண்டார். வலது கை விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருந்தன. விரல்களை நீட்டி மடக்கிப் பழக ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்து தொடப்படாமல் ஜன்னலில் கிடந்தது. வீட்டில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு ஒன்று இருந்தது. அதன் முனையில் சலைன் குழாய்த் துண்டைச் செருகச் சொன்னார். தீனியை ஊற வைத்துக் கரைத்து, சிரிஞ்சில் நிரப்பி, குழாயை அடிவரைக்கும் விட்டு மெதுவாக அழுத்தினால் மணல் மேல் ஒரு சின்னக் குவியலாக விழும். முதலில் உள்ளங்கையால்தான் அழுத்தினார். பிறகு கட்டை விரலால். முகம் வேர்த்துவிடும். நான் கை கொடுக்கப் போனால் வேண்டாம் என்று தலையசைப்பார். சில நாள் வேக வைத்த பூசணித் துண்டு. சில நாள் துணி துவைக்கும் கல்லுக்கடியில் தோண்டி எடுத்த மண்புழுவை நறுக்கிக் கொடுப்பேன்.

போட்டவுடன் அவை வருவதில்லை. வெளிச்சம் குறைய வேண்டும், ஆள் அசையக்கூடாது, பேசக்கூடாது. அறை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் அந்தி மங்கலில் உட்கார்ந்திருப்போம். தூரத்துக் கம்பெனியில் வெடியை டெஸ்ட் பண்ணுவார்கள். சத்தம் வந்த கணத்தில் மீன்கள் அத்தனையும் மணலுக்குள் மறைந்துவிடும். அவர் உடம்பும் தூக்கிப்போடும். பிறகு ஒரு மீசை வெளியே வரும், ஒரு மூக்கு வரும். அதற்குள் அவர் மூச்சும் சீராகியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்படி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. விபத்தில் இறந்தவரின் மனைவி. எம். புதுப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். என் கணவர் அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"இருங்கண்ணே," என்றாள். "டீச்சர், நல்லாருக்கீகளா?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். விளக்கைப் போட எழுந்தேன். "வேண்டாம்," என்றார் அவர். அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "மீனுக்குத் தீனி வச்சிருக்கேன். வெளிச்சம் பட்டா வராது."

அவள் குனிந்து பார்த்தாள். "அயிரையாண்ணே? அவுகளுக்கு உசுரு இதுன்னா. நீங்க கொளம்பு வைக்கலையா?"

"இல்ல தாயி. மனசு வரல."

வேறொன்றும் கேட்காமல் அவளும் உட்கார்ந்தாள். மூன்று பேரும் தொட்டியைப் பார்த்தபடி இருந்தோம். இத்தனை மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில், வந்ததும் எப்படி நடந்தது என்று கேட்காதவள் அவள் ஒருத்திதான். கேட்க உரிமையுள்ளவளும் அவள்தான். மணலுக்குள்ளிருந்து ஒரு மீன் வந்தது. அப்புறம் இரண்டு. குவியலைச் சுற்றி மீசையால் தடவிக்கொண்டு தின்னத் தொடங்கின.

அவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். சத்தம் கேட்டு ஓடுனேன். கதவு எரியுது. உள்ள கையி தெரிஞ்சது. அவன் கையத்தான் பிடிச்சேன் தாயி. ரெண்டு கையாலயும் பிடிச்சேன்."

சிரிஞ்சை மேசை மேல் வைத்தார்.

"பிடி நிக்கல. வழுக்கிருச்சு. மறுபடி பிடிச்சேன். அதுக்குள்ள ரெண்டாவது வெடிச்சிருச்சு."

எனக்கும் அது புதிது. அவர் கைகள் ஏன் அப்படி வெந்திருந்தன என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் கேட்டாள். "அவுக கைய நீங்க பிடிச்சது அவுகளுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும். அவனும் பிடிச்சான். இறுக்கிப் பிடிச்சான்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகைக்கு நடுவே சொன்னாள்: "யாருமே கிட்டப் போகலன்னு சொன்னாகண்ணே. தனியாக் கெடந்துதான் போச்சுன்னு சொன்னாக. ஒவ்வொரு நாளும் அதத்தான் நெனச்சுக்கிட்டுப் படுக்கேன்."

"தனியா இல்ல தாயி."

நான் அவள் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் அசைவில் மீன்கள் கலைந்து மணலுக்குள் போய்விட்டன. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்று அவள் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டாள். கடைசி பஸ்ஸுக்கு நான் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பாமல், மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் குக்கர் விசில் அடித்தால் அவர் வாசலுக்குப் போய்விடுவார். தீபாவளிக்கு முந்தின வாரமே தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டிவிடுகிறோம், அந்த நாட்களில் அவரும் அந்த அறையை விட்டு வருவதில்லை. அயிரைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மிஞ்சியவை பருத்துச் சோம்பலாகிவிட்டன. தொட்டிக்குப் புதிதாக எதையும் வாங்க அவர் விடவில்லை.

பட்டாசுக் கம்பெனிக்கு அவர் திரும்பப் போகவில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒரு பிரஸ்ஸில் லோடு சரிபார்க்கிற வேலை கிடைத்தது. வேலையில் சேருவதற்கு முந்தின ஞாயிறு, தேவாலயத்திலிருந்து வந்ததும், புதுப்பட்டிக்குப் போக வேண்டும் என்றார்.

ஊருக்கு வெளியே, வேலிக் கருவைக்கு நடுவே இருந்த சுடுகாட்டுக்கு அவள் எங்களைக் கூட்டிப்போனாள். நல்ல வெயில். எரித்த இடத்தில் அடையாளம் எதுவும் இல்லை. அவள் காட்டிய இடத்தில் அவர் நின்றார். கும்பிடுவதற்குக் கைகளைச் சேர்த்தார். உள்ளங்கைகள் முழுதாகச் சேரவில்லை, நடுவே இடைவெளி இருந்தது. மேலும் அழுத்திப் பார்த்தார்.

"போதும்ணே," என்றாள் அவள். "வாங்க. சோறு ஆக்கி வச்சிருக்கேன்."

அவர் கைகளைக் கீழே விட்டார். அவள் முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.