தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மூன்று மாதத்துப் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வேல்விழி ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய அன்று, உத்திரத்தில் தொங்கிய சேலைத் தொட்டில் இல்லை. கயிறு உரசிய தடத்தைக்கூட யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். யார் அவிழ்த்தது என்று அவள் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பின்கொடியில் அந்தச் சேலை காய்வதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குருவம்மாள் அப்படித்தான். ஒன்றைச் செய்துவிட்டு அதைச் சொல்லிக் காட்டுகிற வாய் அவளுக்கு இல்லை.

விஸ்வநத்தத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். குருவம்மாள் வேல்விழிக்குப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான், பிள்ளை கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. வெள்ளிக்கிழமை என்றால் பொழுது சாய்ந்து விளக்கேற்றும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். “அந்த மாரியாத்தாளே பசி பொறுக்காம சாப்பிட்ருவா, குருவம்மாக்கா சாப்பிட மாட்டாக” என்று கம்பெனி வேனில் கூட வரும் பெண்கள் கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

வேல்விழிக்கு அதற்கு முன்னேயும் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதனால் மூன்றாவதாகப் பெண் பிறந்ததும், பெரியவர்கள் சொன்னபடி, பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது என்று முடிவானது. பெற்றவளுக்குப் பிள்ளை நிலைக்காவிட்டால், அடுத்தவள் ஒருத்தி ஒரு கை தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இது இன்னாருடைய பிள்ளை இல்லை என்று எமனுக்கே கணக்குத் தப்பிப்போகும். சொன்ன வயது நிறைந்ததும் பிள்ளைக்கு முடியெடுத்து, பெற்றவள் அதேபோல ஒரு கை தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வாள். இருக்கன்குடி மாரியம்மன் சன்னதியில், நெல் புடைக்கும் சுளகில் கிடத்திய பிள்ளையைத் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டவள் குருவம்மாள். “ஏழு வயசு நிறையிற மட்டும் எவுக கேட்டாலும் எம்பிள்ளைன்னுதான் சொல்லுவேன் தாயே” என்று அம்மன் முன்னால் வாக்கும் கொடுத்தாள்.

பிள்ளைக்கு மாரிக்கனி என்று பேர் வைத்தார்கள். பால் கொடுத்ததும் பக்கத்தில் படுக்க வைத்ததும் வேல்விழிதான். ஆனாலும் பிள்ளை அவளைச் சித்தி என்றது, குருவம்மாளை அம்மா என்றது. முதல் தடவை அது ‘சித்தி’ என்று கூப்பிட்டபோது வேல்விழி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். ஆனால் பிள்ளை நிலைத்தது. நோய் நொடி அண்டவில்லை. குருவம்மாளோ கம்பெனியிலிருந்து வந்ததும் மருந்துப்பொடி போகத் தலையோடு குளித்து, சேலை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவாள். அதுவரை அது வாசலில் நின்று, “குளிச்சாச்சா, குளிச்சாச்சா” என்று கத்திக்கொண்டிருக்கும். இன்றைக்கும் சாயங்காலமானால் வேல்விழியின் காதில் அந்தக் குரல் கேட்கும்.

மாரிக்கனி சுவரைப் பிடித்து நிற்கிற வயதில், அவள் அப்பா செல்வக்குமார் ஷார்ஜாவுக்குப் போனார். சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டியவருக்கு அங்கே ஒரு அச்சகத்தில் வேலை. பிள்ளைக்கு அவர் வெறும் குரல்தான். போன் அப்பா என்றுதான் சொல்லும். 2008-ல் கம்பெனி அவருக்குக் குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு தருவதாகச் சொன்னது. ஆவணிக்குள் வந்து சேராவிட்டால் அந்த வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வேல்விழி பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்தாள். தன்னுடையது சுலபமாக நகர்ந்தது. பிள்ளையுடையதுதான் இழுத்தது. பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பேரே இல்லை, பெண் குழந்தை என்று மட்டும் இருந்தது. அதில் பேரைச் சேர்க்க நடையாய் நடந்தாள். அப்பாவின் சம்மதக் கடிதம் அங்கே தூதரகத்தில் முத்திரை குத்தி வர மாதம் ஒன்று ஓடியது. போட்டோ எடுக்கப் போனால் காது இரண்டும் தெரிய வேண்டும் என்றார்கள். பிள்ளை கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிமிர்வேனா என்றது. மதுரைக்குப் போய் வரிசையில் நின்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தபோது, இனி ஒன்றும் பாக்கி இல்லை என்றுதான் நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஏட்டு விசாரணைக்கு வந்தார். தாளைப் புரட்டிவிட்டுப் பிள்ளையிடம் உங்கம்மா யாரு என்று கேட்டார். மாரிக்கனி ஓடிப்போய்க் குருவம்மாள் காலைக் கட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்தில் ரெண்டு பேர் சொல்ல வேண்டும் என்பது முறை என்பதால், அவர் குருவம்மாளையும் கேட்டார்.

“எம்பிள்ளைதான் சார்” என்றாள் அவள்.

ஏட்டு வேல்விழியைப் பார்த்தார். இல்லை சார், என் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேல்விழிக்குப் போன பிள்ளைகள் ரெண்டும் கண்ணுக்குள் வந்து நின்றன. வாய் திறக்கவில்லை.

“சர்ட்டிபிகேட்டுல ஒரு ஆத்தா, வாசல்ல ஒரு ஆத்தா. நான் எந்த ஆத்தாளை எழுதுறது?” என்று ஏட்டு தாளை மடித்தார். பிள்ளை விவகாரம், விளையாட்டில்லை, ஒழுங்கான பதிலோடு ஸ்டேஷனுக்கு வாங்க, இல்லையென்றால் சந்தேகம் என்று எழுதி அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேல்விழிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. “இப்பிடிச் சொல்லிப்புட்டீகளேக்கா” என்றாள்.

குருவம்மாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பிறகு, “போலீசுக்கு நான் பயப்படல வேலு. வாக்கு மாறி, நாளைக்குப் பிள்ளைக்கு மேலு சுட்டுக் காய்ச்சல் கண்டுச்சுன்னா நாம ரெண்டு பேரும் எங்கன போயி நிப்போம்?” என்றாள்.

 அந்தப் பயம் வேல்விழிக்குத்தான் இன்னும் அதிகம்.

சாயங்காலம் செல்வக்குமார் போன் பண்ணினார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. இன்னும் ரெண்டு வருஷம்தானே, தனியாவே இருந்துட்டுப் போறேன் என்று மட்டும் சொன்னார்.  போனை வைத்ததும் மாரிக்கனி குருவம்மாள் மடியில் ஏறிக்கொண்டு, “போன் அப்பாவுக்குக் காலு இருக்காம்மா? நடப்பாகளா?” என்று கேட்டது.

குருவம்மாள் பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, வருகிற வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போகணும், ஒரு கை தவிடு வாங்கி வை என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மூவரும் சாத்தூர் வழியாகப் போனார்கள். ஆற்றில் குளித்துக் கரையேறியதும் குருவம்மாள் முடியெடுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். வேல்விழி பதறி, பிள்ளைக்குத்தானேக்கா முடியெடுக்கணும் என்றாள். பாக்கி ரெண்டு வருஷத்துக்கு என் தலை, அம்மன் ஒத்துக்கிடுவா என்றாள் குருவம்மாள். இடுப்பு வரைக்கும் தொங்கிய முடி மணலில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தாள்.

சன்னதியில் சுளகை வைத்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை அதில் எங்கே கொள்ளும்? காலிரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மாரிக்கனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வேல்விழி தவிட்டைக் கொடுத்தாள். குருவம்மாள் பிள்ளையின் கையை எடுத்து அவள் கையில் வைத்து, இனிமே இவதான் உனக்கு அம்மா, நான் பெரியம்மா என்றாள்.

“அப்ப சித்தி யாரு?” என்று கேட்டது பிள்ளை. அழ நினைத்திருந்தவர்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் ஸ்டேஷனில் மொட்டைத் தலையோடு வந்து நின்ற குருவம்மாளை ஏட்டுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள் தவிட்டு விஷயத்தை ஆதியிலிருந்து சொன்னாள். அன்றைக்குச் சொன்னதும் பொய்யில்லை, இன்றைக்குச் சொல்வதும் பொய்யில்லை என்றாள். ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதாம் என்று அலுத்துக்கொண்டார். பிறகு வேல்விழி பக்கம் திரும்பி, “நீ உன் வாயால சொல்லும்மா. பிள்ளை யாரோடது?” என்றார்.

வேல்விழி குருவம்மாளைப் பார்த்தாள். அவள் தலையசைத்தாள்.

“எம்பிள்ளை சார்.”

ஐந்து வருஷமாக நாக்கில் வராத வார்த்தை.  ஏட்டு எழுதினார்.

பாஸ்போர்ட் வந்தது, விசாவும் வந்தது. மாரிக்கனிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆனாலும் குருவம்மாள் தினமும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். முடி விரல் அகலம் முளைத்திருந்தது. அவளை வேல்விழி கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு வருஷம் கழித்து, நாலு நாள் காய்ச்சலில் அவள் போய்விட்ட சேதிதான் ஷார்ஜாவுக்கு வந்தது. அன்றைக்குப் பஸ் நகரப் போகிற நேரத்தில் பக்கத்து சீட்டு அம்மாள் மாரிக்கனியைக் காட்டி, இது யார் பிள்ளை என்று சும்மா கேட்டார். பழக்கதோஷத்தில் வேல்விழி ஜன்னலுக்கு வெளியே குருவம்மாளைப் பார்த்தாள்.

குருவம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அங்கன போயும் இப்பிடி என்னையத் தேடாத தாயி. எவுக கேட்டாலும் சட்டுன்னு சொல்லிரு, எம்பிள்ளைன்னு.”