நாலாவது பெயர்

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கும் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடத்தில், எங்கள் வீட்டு வாடகை லீஸைப் புதுப்பிக்க ஒரு படிவம் வந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். மகள் வேலைக்குப் போயிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆனால் அந்தக் கோடுகளில் எதை எங்கே எழுதுவதென்று என் கைக்குத் தெரிந்திருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போர்க்காலத்தில் கொழும்பில் தமிழர் தங்கும் அறைகளுக்கும் இப்படியொரு படிவம் இருந்தது. பொலிஸ் முத்திரை குத்திய அந்தத் தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைக்க வேண்டும். அடுத்த அறைச் சிங்களவருக்கு அது தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி வந்து இறங்கிய அன்று அவன் பெயரைப் பதிய நான் போகவில்லை. பொலிஸில் பேசக் கூச்சம். நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். விடியச் சோதனைக்கு வந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள், பிறகு தம்பியைப் பார்த்தார்கள். "இவன் உன்ரை ஆளோ?" என்று ஒருவன் தமிழில் கேட்டான். ஓம் என்றால் என்னையும் கொண்டுபோவார்கள். இல்லை என்றேன். தம்பி சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவர்களுடன் இறங்கிப் போனான். பிறகு எங்கே கேட்டாலும், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள்.

போன கிழமை கட்டட ஒஃபிசிலிருந்து ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். மகள்தான் திறந்தாள்.

"அப்பா, நாங்கள் மூண்டு பேர்தானே. நாலாவது ஆள் ஆரெண்டு கேக்கிறா."

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே தம்பியின் பெயர் இருந்தது. எழுதிய நினைவில்லை. கையெழுத்து என்னுடையதுதான்.

"அப்ப பதியாதவர் இப்ப பதியிறார்," என்றாள் மனைவி, குசினியில் சமைத்தபடி.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "ஆள் கூடவெண்டா லீஸ் தரமாட்டினம். மிஸ்ரேக் எண்டு சொல்லுங்கோ. ப்ளீஸ் அப்பா."

அந்தப் பெண் பேனையைத் தாளில் வைத்தபடி என்னிடமே கேட்டாள். இந்த ஆள் இந்த வீட்டு ஆளா? அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். எனக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நான் திரும்பவில்லை.

"யெஸ்," என்றேன்.

அவள் பெயருக்கு எதிரே ஒரு சரி போட்டாள். மகளிடம் ஏதோ சொன்னாள். மகள் என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னாள்.

"அந்த ஆள் வீட்டை வந்த உடனை, ஒஃபிசுக்கு வந்து சைன் வைக்கட்டாம்."

"வரட்டும், சொல்லுறன்," என்றேன்.